விரவுப் பணியாளர் இயல்

பாயிரம்

வேலை செய்வோர் இரு திணையர் என்பது எல்லோருக்கும் உடன்பாடான கொள்கை. கூலிக்கு உழைப்போர் ஒரு திணை. கூலி கருதாமல் தொண்டு செய்வோர் மறு திணை. கூலி வாங்கிக்கொண்டு உழைக்காதோர் என மூன்றாவது ஒன்றும் உண்டென்பர் சிலர். அது பல தொகுதிகளாக விரியும் தனி நூல் ஆதலின் இங்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

இவ்விரு திணைக்கும் பொதுவாக நிற்கும் ஓர் உயிரை இந்திய அரசு 1975 அக்டோபர் 2ஆம் நாள் படைத்தது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் அன்றுதான் 33 இடங்களில் தொடங்கியது. அந்த உயிரை ஆவணங்கள் அங்கன்வாடிப் பணியாளர் என்கின்றன. ஊர், பால்வாடி டீச்சர் என்கிறது. கூடவே சமைத்து, கூட்டி, பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடும் உதவியாளரை ஆயா என்கிறது. நாடெங்கும் ஏறத்தாழ 14 லட்சம் மையங்களிலும், தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துச் சொச்சம் மையங்களிலும் இவ்வுயிர் காணப்படும்.

நூலின் எல்லை: வடக்கே இமயம், தெற்கே குமரி. இமயத்து மாநிலங்களில் திட்டச் செலவில் மத்திய அரசின் பங்கு 90 விழுக்காடு, குமரியில் 60 விழுக்காடு. நூல் நுதலிய பொருள்: குழந்தை வளர்ப்போரை அரசு வளர்க்கும் முறை. கேட்போர்: மானியக் கோரிக்கை நாளில் அவையில் உட்கார்ந்திருப்போர். பயன்: இதைக் கற்றவர் எந்த அரசாணையையும் வியப்பின்றிப் படிப்பர்.

1. திணை

தமிழ் இலக்கணத்தில் விரவுப்பெயர் என்று ஒன்று உண்டு. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வரும் பெயர் அது. தனியே நிற்கும்போது அதன் திணை தெரியாது. பின்னால் வரும் வினைமுற்றைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அங்கன்வாடிப் பணியாளரும் இவ்வாறே. அவரைத் தனியே பார்த்தால் ஊழியரா, தொண்டரா என்று எவராலும் சொல்ல முடியாது. பின்னால் வருவதைப் பார்க்க வேண்டும். அதற்கான விதி: 

பின்னால் வருவது வேலையாயின் ஊழியர். பணமாயின் தொண்டர்.

எடுத்துக்காட்டு: ‘மையத்தை நேரத்தில் திறக்கவில்லை.’ இங்கே ஊழியர், ஆதலால் விளக்கம் கேட்டு மெமோ வரும். ‘குறைந்தபட்ச ஊதியம் தரவில்லை.’ இங்கே தொண்டர், ஆதலால் ஒன்றும் வராது. ‘வாக்காளர் பட்டியலைத் திருத்த வீடு வீடாகப் போக ஆள் வேண்டும்.’ ஊழியர். ‘வருங்கால வைப்பு நிதி பிடித்தம்.’ தொண்டர். ‘சமுதாய வளைகாப்புக்குக் கர்ப்பிணிகளை அழைத்துவந்து நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும்.’ ஊழியர். மேடையில் பேசும் பிரமுகர் ‘உங்கள் சேவை மகத்தானது’ என்று தொடங்கினால் தொண்டர். அடுத்த வாக்கியத்தில் பணம் பற்றிய பேச்சு வரப்போவதில்லை என்பதையும் அதிலிருந்தே அறியலாம்.

தொண்டர் என்பதற்கு நூலோர் கூறும் பொது இலக்கணம், வருமானம் தேவைப்படாமல் வந்து உதவுபவர் என்பது. இந்தத் தொண்டுக்கு விண்ணப்பிப்பவர் 12ஆம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று, குடும்ப அட்டை இணைக்க வேண்டும். நேர்காணலுக்கு வர வேண்டும். ஆதரவற்ற விதவைகளுக்கும் கணவரால் கைவிடப்பட்டவர்களுக்கும் தனி ஒதுக்கீடு உண்டு. வருமானம் மிகமிகத் தேவைப்படுவோரைத் தேடிப்பிடித்து, வருமானம் கருதாதவர் என்று பதிவு செய்வது இத்திணையின் சிறப்பிலக்கணம்.

2. அளவை

ஒரு பொருள் உண்டென்பதை நிறுவ நம் முன்னோர் மூன்று அளவைகளைச் சொன்னார்கள்: காட்சி, கருதல், உரை.

காட்சியால் அறிவது எளிது. பதினொரு மணிக்கு எந்த மையத்தின் வாசலில் நின்று பார்த்தாலும் உள்ளே இருவர் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியும். கருதலும் எளிதே. கூரையில் புகை தெரிகிறது, ஆகவே கீழே நெருப்பு உண்டு. நெருப்பு உண்டெனின் உலை உண்டு. உலை உண்டெனின் கிளறுபவர் உண்டு. கிளறுபவர் வேலை செய்கிறார். சிக்கல் எல்லாம் உரையளவையில்தான்.

கர்நாடகத்திலிருந்து உச்ச நீதிமன்றம் போன அமீர்பி வழக்கில் 2006 டிசம்பர் 7ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அங்கன்வாடிப் பணியாளர் வகிப்பது அரசுப் பதவி அன்று, அவர்கள் அரசின் பணி எதையும் ஆற்றவில்லை என்பது அதன் சாரம். ஆறு நாள் கழித்து, டிசம்பர் 13ஆம் நாள், உணவு உரிமை வழக்கில் அதே நீதிமன்றம் வேறோர் ஆணை பிறப்பித்தது. நாட்டில் குறைந்தது 14 லட்சம் அங்கன்வாடி மையங்களை 2008 டிசம்பருக்குள் அரசு திறந்தாக வேண்டும், 40 குழந்தைகள் இருந்து மையம் இல்லாத ஊர் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பது அது. இரண்டும் முரண் அல்லவா என்று கற்றுக்குட்டிகள் கேட்பர். முரண் அன்று. அரசின் பணி அல்லாத ஒன்றை அரசு 14 லட்சம் இடங்களில் கட்டாயம் செய்ய வேண்டும் என்பதே இரு தீர்ப்புகளையும் ஒருங்கே வைத்துக் கொள்ளும் பொருள்.

2013இல் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் உட்கார்ந்து பேசினர். இவர்களைத் தொண்டர் என்னாது தொழிலாளர் எனக் கொள்க, குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் கொடுக்க என்று பரிந்துரைத்தனர். பரிந்துரை ஏற்கப்பட்டதா என்பாருக்கு: மாநாடு இனிதே நிறைவுற்றது.

விதிக்கு விலக்கு ஒன்று உண்டு. குஜராத்தின் தாகோத் மாவட்டத்திலிருந்து வந்த மணிபென் வழக்கில் 2022 ஏப்ரல் 25ஆம் நாள் உச்ச நீதிமன்றம் திணையை மாற்றியது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இவர்கள் சட்டம் சார்ந்த கடமையைச் செய்கிறார்கள். இது பகுதிநேர வேலை என்ற வாதம் நிற்காது. மதிப்பூதியம் என்று எழுதினாலும் அது கூலியே. எனவே 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை பெற உரியவர்கள். பணம் பின்னால் வரும்போதும் ஊழியராக நின்ற இந்த ஓர் இடத்தை உரையாசிரியர்கள் பெரிதும் கொண்டாடுவர். தீர்ப்பு வந்தபிறகும் அது எங்கெங்கே பொருந்தும் என்று மாநிலங்கள் ஆராய்ந்து வருகின்றன. ஆராய்ச்சியில் அவசரம் கூடாது என்பது கருவூலங்களின் மரபு.

3. எண்

தொடக்கத்தில் பத்தாவது தேறிய பணியாளருக்கு மாதம் 150 ரூபாய், தேறாதவருக்கு 100, உதவியாளருக்கு 35. 2011இல் பணியாளருக்கு 3000 ஆனது. 2018 அக்டோபரில் பணியாளருக்கு 4500, குறு மையப் பணியாளருக்கு 3500, உதவியாளருக்கு 2250. திட்டம் பொன்விழாக் கண்ட 2025ஆம் ஆண்டிலும் மத்திய அரசின் கணக்கில் அதே 4500தான். அதிலும் மத்திய அரசின் 60 விழுக்காடு 2700 ரூபாய். மிச்சம் மாநிலத்தின் பாடு. அதற்கு மேலே கொடுப்பதும் கொடாததும் மாநிலத்தின் மனம்.

4500ஐ 26 வேலைநாளால் வகுத்தால் நாளொன்றுக்கு 173 ரூபாய் வரும். தேசிய அடிப்படை ஊதியம் என்று மத்திய அரசே 2019இல் அறிவித்தது 178. இடையே உள்ள ஐந்து ரூபாயே தொண்டையும் தொழிலையும் பிரிக்கும் கோடு எனக் கொள்க.

தமிழ்நாடு இதில் தாராளம். புதிதாகச் சேரும் பணியாளருக்கு முதல் 12 மாதம் தொகுப்பூதியம் 7700 ரூபாய், குறு மையப் பணியாளருக்கு 5700, உதவியாளருக்கு 4100. அதன் பிறகு அந்தத் தொகையிலேயே தொடங்கும் சிறப்பு காலமுறை ஊதியம். 7700ஐ 26ஆல் வகுத்தால் 296. அதே தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டு நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336. குளத்து மண்ணைவிடக் குழந்தை எடை குறைவு ஆதலின் கூலியும் குறைவு என்று இதற்கு இயற்பியல் விளக்கம் கூறுவாரும் உளர். அவர்கள் முழுதும் தவறு என்று சொல்வதற்கில்லை. ஏனெனில் வேறொரு கணக்கும் அதையே காட்டுகிறது.

மையத்தில் இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சோறூட்டும் உதவியாளருக்குத் தொடக்கம் 4100. மூன்று வயதுப் பிள்ளைக்குப் பாட்டும் நிறமும் சொல்லிக்கொடுக்கும் பணியாளருக்கு 7700. அதே பிள்ளை ஐந்து வயது முடிந்து அடுத்த காம்பவுண்டில் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போனதும், அங்கே கற்பிக்கும் இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் மட்டும் 20,600. ஆக, பராமரிப்பவரின் சம்பளம் பிள்ளையின் உயரத்துக்கு நேர்விகிதம். மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேல் ஆறு வயதுக்குள் முடிந்துவிடுகிறது என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. இதனால் மேற்கண்ட விதி தளராது. மூளைக்கு உயரம் இல்லை.

உணவுக் கணக்கும் இவ்வியலைச் சேர்ந்ததே. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் தர வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் சட்டம் முதலில் வகுத்தது. ஆண்டுக்கு 300 நாள். இதற்கு 2017இல் நிர்ணயித்த செலவு நாளொன்றுக்கு 8 ரூபாய், மத்திய அரசு நான்கு, மாநில அரசு நான்கு. நாமக்கல் முட்டைக் கொள்முதல் விலை ஐந்தைத் தாண்டும் நாளில் எட்டு ரூபாய்க்குள் முட்டையும் அரிசியும் பருப்பும் எரிவாயுவும் எவ்வாறு அடங்கும் என்பது கணித வல்லுநர் ஆராய வேண்டியது. தமிழ்நாடு வாரம் மூன்று முட்டையைத் தன் பையிலிருந்து போட்டு அந்த ஆராய்ச்சியைக் கெடுத்துவிட்டது. 2025ஆம் ஆண்டின் மத்திய பட்ஜெட் உரையில், இந்தச் செலவு வரம்பு தக்கபடி உயர்த்தப்படும் என்று அறிவித்தார்கள். தக்கபடி என்பது எத்தனை ரூபாய் என்பதை உரையாசிரியர்களுக்கு விட்டுவிட்டார்கள்.

4. தொழில்

திட்டம் வகுத்த பணிகள் ஆறு: ஊட்டச்சத்து உணவு, முன்பருவக் கல்வி, ஊட்டச்சத்து-நலக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல். ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக வருவன அல்ல. ஒரே நேரத்தில் வருவன. அதை விளக்க ஓர் எடுத்துக்காட்டு.

இடம், திருப்பூர்ப் பக்கம் ஒரு மையம். பொழுது, முற்பகல் பதினொன்றரை. ஆயா உள்ளே சாம்பார் சாதத்தைக் கிளறுகிறார். முன்னறையில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து யானைப் பாட்டின் பாதியில் நிற்கிறார்கள். மீதிப் பாதி டீச்சரிடம் இருக்கிறது. டீச்சர் வாசலில் இருக்கிறார். போஷன் டிராக்கர் என்ற செயலி 2021 மார்ச்சில் வந்தது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவுக்கு, பதிவு செய்த தாயின் முகத்தை அதில் காட்டிச் சரிபார்க்க வேண்டும் என்பது 2025 ஜூலை முதல் கட்டாயம். வாசலில் ஒரு பாட்டி, இடுப்பில் ஒன்றரை வயதுப் பேரன்.

“ஏனுங் டீச்சர், மருமக கம்பெனிக்குப் போயிருச்சுங்க. மாவை எங்கிட்டக் குடுங்க.”

“அவங்க மூஞ்சியப் புடிக்கணுங்க பெரியம்மா. இல்லீன்னா போன் உடாதுங்க.”

“அப்ப என்ற மூஞ்சியப் புடிங்க. அவ எங்கண்ணன் மகதானுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே சாடை.”

டீச்சர் பிடித்துப் பார்க்கிறார். செயலிக்குத் தாய்மாமன் உறவுமுறை தெரியவில்லை. வட்டம் சுற்றிச் சுற்றி நின்றுபோகிறது. இதற்குள் முட்டை இருப்பு எவ்வளவு, உடனே பதிவிடவும் என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வருகிறது. உள்ளிருந்து ஆயா, “கேஸ் தீரப்போவுதுங்க டீச்சர்” என்கிறார். புதுச் சிலிண்டருக்கு இப்போது டீச்சர் கையிலிருந்து போட்டுப் பிறகு பில் வைப்பார். பில் எப்போது காசாகும் என்பதைத் தனி இயலாக விரிக்க வேண்டும். ஒரு பிள்ளை எழுந்து நின்று, நனைந்த கால்சட்டையோடு, நடந்ததை நடந்தபடியே அறிவிக்கிறது.

“மருமக ராத்திரி ஓவர்டைம் முடிச்சு எட்டு மணிக்குத்தானுங்க வரும்.”

“செரிங்க பெரியம்மா, நான் ஊட்டுக்கு வந்து புடிச்சுக்கிறேன். மாவையும் அப்பவே கொண்டாந்து குடுத்தர்றேன்.”

காலை முதல் மாலை வரை நடப்பது எந்தத் திணை என்பதில் நீதிமன்றங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. இரவு எட்டு மணிக்குச் செய்வது தொண்டு என்பதில் மட்டும் எல்லோரும் உடன்படுவர்.

5. தடையும் விடையும்

தடை: குழந்தை வளர்ப்பு தாய்மை சார்ந்தது. தாய்மைக்கு விலை பேசலாமா?

விடை: பேசக் கூடாது. அது விலைமதிப்பற்றது. விலைமதிப்பற்ற ஒன்றுக்கு 4500 ரூபாய் என்று காசு சுத்தமாக விலை கண்டது அரசின் அருஞ்செயல். கோப்புகளைத் தாயன்போடு பாதுகாக்கும் எழுத்தர்கள் தலைமைச் செயலகத்தில் பலர் உண்டு. ஒரு கோப்பை இருபது ஆண்டு மடியை விட்டு இறக்காதவர்களும் உண்டு. அந்தப் பாசத்தைக் காரணம் காட்டி அவர்களைத் தொண்டராக்கும் யோசனை இதுவரை எழவில்லை. பிள்ளைக்கும் கோப்புக்கும் உள்ள வேறுபாடு, கோப்பு தானாக வளர்வதில்லை என்பதே.

தடை: பணியாளரும் உதவியாளருமாக நாடெங்கும் 24 லட்சம் பேர் வரை இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஊழியர் நிலை கொடுத்தால் கருவூலம் தாங்குமா?

விடை: தாங்காது. 50 ஆண்டாக அதைத் தாங்கிப் பழகியவர்கள் அந்தப் பெண்கள். பழக்கமில்லாத கருவூலத்தின் மேல் திடீரென்று சுமையை ஏற்றுவது முறையன்று.

தடை: அரசு ஒன்றுமே செய்யவில்லை என்பது நியாயமா? 2024 பிப்ரவரியில் எல்லா அங்கன்வாடிப் பணியாளரையும் உதவியாளரையும் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் சேர்த்ததே?

விடை: சேர்த்தது உண்மை, பாராட்டுக்குரியது. அது ஏழைக் குடும்பங்களுக்கென்று தொடங்கிய காப்பீடு. தன்னிடம் வேலை பார்ப்போரின் பொருளாதார நிலையை அரசு சரியாகவே மதிப்பிட்டிருக்கிறது என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைக்காது.

6. ஒழிவு

ஒழிவாவது வேலையை நிறுத்துதல். தொண்டர் தொண்டு செய்யாமல் வீட்டில் இருந்துவிட்டால் என்னாகும்? கோயில் திருவிழாவில் நீர்மோர் ஊற்றுபவர் ஒரு வருடம் வராவிட்டால் யாரும் வழக்குப் போடுவதில்லை. ஆகவே இங்கும் ஒன்றும் ஆகாது என்று கருதல் அளவையால் கொள்ளத் தோன்றும். அது பிழை.

டெல்லியில் அங்கன்வாடிப் பணியாளர்கள் 2022 ஜனவரி 31ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மார்ச் 9ஆம் நாள் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் பாய்ந்தது. ஆறு மாதத்துக்கு வேலைநிறுத்தத் தடை. பின்னர் நூற்றுக்கணக்கானோர் நீக்கப்பட்டார்கள். ஆந்திரத்தில் 2023 டிசம்பர் 12ஆம் நாள் வேலையை நிறுத்தினார்கள். 2024 ஜனவரி 6ஆம் நாள் அங்கும் அதே வகைச் சட்டம், அதே ஆறு மாதத் தடை.

இதிலிருந்து பெறப்படுவன மூன்று. ஒன்று, இவர்கள் செய்வது அத்தியாவசியப் பணி. குடிநீர், மின்சாரம், மருத்துவமனை வரிசையில் வைக்கத் தக்கது. பல ஆண்டாகப் பணியாளர்கள் மனுக்களில் எழுதிவந்ததை அரசு ஒரே நாளில், தானாகவே, அரசிதழில் ஒப்புக்கொண்டது. இரண்டு, பதவியே இல்லாதவரைப் பதவியிலிருந்து நீக்க முடியும். மூன்று, வேலை செய்யும்போது புலப்படாத ஊழியர் நிலை, வேலையை நிறுத்தினால் உடனே புலப்படும். எனவே தம் திணையைத் தெளிவாக அறிய விரும்பும் பணியாளர், வேண்டுகோள், மனு, பேரணி ஆகிய சுற்றுவழிகளில் காலம் கழிக்காமல் நேரே ஒழிவியலுக்கு வந்துவிடுவது சுருக்கம். அரசு காட்டிய வழி அது. நூலாசிரியன் தன் சார்பில் எதையும் சேர்க்கவில்லை.

7. புறனடை

எந்த இலக்கண நூலும் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதில்லை. சொல்லாமல் விட்டவற்றை அடக்கக் கடைசியில் ஒரு புறனடை வைப்பது மரபு. பணிப் பட்டியல் எழுதும் அலுவலர்களும் இம்மரபை அறிந்தவர்களே. அவர்கள் எழுதும் பட்டியலின் கடைசி வரியிலும் மேல் அலுவலர் அவ்வப்போது இடும் பிற பணிகள் என்று ஒன்று இருக்கும். இந்நூலின் புறனடையும் அதை அடியொற்றியதே:

இதில் சொல்லாமல் விடுபட்டவை எவையேனும் இருப்பின், அவற்றையும் அங்கன்வாடிப் பணியாளரே செய்வார். செய்ததைப் படம் எடுத்து மாலை ஐந்து மணிக்குள் குழுவில் பதிவிடுவார். அதற்கெனத் தனி நிதி ஒதுக்கீடு ஏதும் இல்லை.